ஒரு கவிதையை அலசுவது எப்படி: யாப்பு, தொடை, உணர்வு

கவிதை நயம் எழுதச் சொன்னால் நம்மில் பலர் ஒரு பட்டியல் போட்டுவிடுவோம். 'இப்பாடலில் எதுகை நயம் பயின்று வந்துள்ளது', 'மோனை நயம் சிறந்து விளங்குகிறது', 'சந்த நயம் செவிக்கு இன்பம் தருகிறது'. இந்த மூன்று வரியையும் எந்தப் பாட்டுக்குக் கீழேயும் ஒட்டலாம். ஒரு மரணப் பாட்டுக்கும் ஒரு தாலாட்டுக்கும் ஒரே நயவுரை பொருந்துகிறது என்றால் அந்த உரை இரண்டு பாட்டையுமே படிக்கவில்லை.

அசை பிரிப்பது, எதுகை தேடுவது எல்லாம் கொஞ்சம் பழகினால் யாருக்கும் வரும். அப்படிக் கண்டுபிடித்ததைக் கவிதையின் உணர்வோடு எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கும்.

இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய ஒரு குறள் வெண்பா. பெரிய கவிதை ஒன்றும் இல்லை, அளந்து பழகப் போதும்:

கதவைத் திறந்தேன் களைத்துவந்த காற்று
பதறி அணைந்த விளக்கு

இரண்டாவது உண்மையான கவிதை. புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள். அவன் இறந்தபின் அவனுடைய மகள்கள் பாடியது இது. 'அந்த மாதத்து அந்த நிலவில் எங்கள் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாதத்து இந்த நிலவில் வென்று முரசறையும் வேந்தர் எங்கள் குன்றையும் கொண்டார்கள், நாங்கள் தந்தையும் இல்லாதவர்களானோம்' என்பது பொருள்.

முதல் படி: வாய்விட்டுப் படியுங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை சத்தமாகப் படியுங்கள். எங்கே மூச்சு நிற்கிறது, எங்கே நாக்கு வேகமாக ஓடுகிறது, எந்தச் சொல்லில் குரல் தானாக இறங்குகிறது என்று கவனித்து, அந்த இடங்களில் ஒரு கோடு போட்டால் போதும். அப்புறம் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்: இதைப் படித்ததும் என்ன தோன்றியது? 'சோகம்' என்ற ஒற்றைச் சொல் போதாது. 'அழாமல் கணக்குச் சொல்வது போன்ற சோகம்' என்று எழுதினால் பின்னால் சோதித்துப் பார்க்க ஏதோ கையில் இருக்கும். அந்த வரி தவறாகவும் போகலாம், பரவாயில்லை.

பழைய பாட்டு என்றால் இங்கே ஒரு வேலை கூடுதலாக உண்டு. இன்றைய பதிப்புகள் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று சொற்களைப் பிரித்து அச்சிடுகின்றன. பொருளுக்கு அது நல்லது, ஓசைக்குக் கெடுதல். நான்காம் அடியை 'வென்று எறி' என்று பிரித்தே அளந்தால் வென்/று/எறி என மூன்று அசை கிடைக்கும். 'வென்றெறி' என்று சேர்த்தால் வென்/றெறி என இரண்டுதான். பொருளைப் பிரித்த வடிவத்தில் பாருங்கள், அளப்பதைச் சேர்த்த வடிவத்தில் செய்யுங்கள். 'தளை தட்டுகிறதே' (சீரும் சீரும் ஒட்டவில்லையே) என்று குழம்புவதில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

இரண்டாம் படி: அசை

அசை இரண்டே வகை: நேர், நிரை. மனப்பாடம் செய்யாமல் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. சீரின் முதல் எழுத்து நெடிலா? அங்கேயே அசை முடிந்தது, நேர். குறிலா? அடுத்த எழுத்தைப் பாருங்கள். அது புள்ளி வைத்த மெய்யானால் நேர். இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டையும் சேர்த்து நிரை. எந்த அசைக்குப் பின்னாலும் மெய்யெழுத்து நின்றால் அதை அந்த அசையோடு சேர்த்துவிடுங்கள். அதற்குத் தனிக் கணக்கு இல்லை. ஆய்தமும் மெய்யைப் போலத்தான். கடைசியில் ஒரு குறில் மட்டும் தனியாக மிஞ்சினால் அது நேர்.

ஐகாரத்தில் மட்டும் கவனம் வேண்டும். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐ ஒலி குறுகிவிடும் என்பதால் அதைக் குறிலாகக் கொள்வார்கள். 'எந்தையும்' என்பது எந்/தையும், அதாவது நேர் நிரை.

நம் குறளைப் பிரித்தால்:

கத/வைத் திறந்/தேன் களைத்/துவந்/த காற்/று
பத/றி அணைந்/த விளக்/கு

மூன்றாம் படி: சீரும் தளையும்

அசைகள் சேர்ந்து சீர். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இந்த நான்கின் பின்னால் ஒரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர் (தேமாங்காய், புளிமாங்காய் என்று போகும்), நிரை சேர்ந்தால் கனிச்சீர். குறளின் முதல் அடி புளிமா, புளிமா, கருவிளங்காய், தேமா. இரண்டாம் அடி புளிமா, புளிமா, பிறப்பு. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று தனி வாய்பாடு உண்டு. 'விளக்கு' குற்றியலுகரத்தில் முடிவதால் பிறப்பு.

ஒரு சீர் முடியும் விதமும் அடுத்த சீர் தொடங்கும் விதமும் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது தளை. வெண்பாவுக்கு மூன்று விதிகள் போதும்: மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். இப்படி ஒட்டுவதற்குப் பெயர் வெண்டளை. மேலே உள்ள குறளில் எல்லா இடமும் சரியாக இருக்கிறது. இப்போது 'காற்று' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மழைதான்' என்று போடுங்கள். 'களைத்துவந்த மழைதான்.' காய்க்குப் பின் நிரை வந்துவிட்டது, கலித்தளை. இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஒரு நிறுத்தத்துக்குப் பின் அழுத்தமாக விழும், இரண்டாவது உருண்டு ஓடும். விதியின் பெயர் மறந்தாலும் இந்த வேறுபாடு காதில் பிடிபட்டால் யாப்பு பிடிபட ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

அசை பிரிக்க இணையத்தில் மென்பொருள்கள் இருக்கின்றன. 'அவலோகிதம்' அவற்றில் ஒன்று. கையால் பிரித்து முடித்த பிறகு சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அதில் ஒட்டினால் விடை கிடைக்கும், காது பழகாது.

நான்காம் படி: எந்தப் பா, அதனால் என்ன?

வகையைக் கண்டுபிடிப்பது விரைவில் முடியும் வேலை. ஈற்றடி மூன்று சீராகவும் மற்றவை நான்கு சீராகவும் இருந்து வெண்டளை பிறழாமல் வந்தால் வெண்பா. நான்கு சீர் அடிகள் அகவிக்கொண்டே போய்ப் பெரும்பாலும் ஏகாரத்தில் முடிந்தால் ஆசிரியப்பா. துள்ளல் ஓசை கலிப்பாவுக்கு, தூங்கல் ஓசை வஞ்சிப்பாவுக்கு. அடிதோறும் ஒரே சீரமைப்பு திரும்பத் திரும்ப வந்து, நான்கு அடிக்கும் ஒரே எதுகை ஓடினால் அநேகமாக விருத்தம். அருணகிரிநாதரின் திருப்புகழ் போன்ற சந்தப் பாட்டுகளில் சீர் வாய்பாட்டை விட 'தனன', 'தத்த', 'தந்த' என்ற சந்தக் குழிப்பைப் போட்டுப் பார்ப்பதே சுலபம்.

112ஆம் பாட்டை எண்ணிப் பாருங்கள். அடிகளின் சீர் எண்ணிக்கை நான்கு, நான்கு, நான்கு, மூன்று, நான்கு. ஈற்றுக்கு முந்தைய அடி ஒரு சீர் குறைந்து வருவதால் இது நேரிசை ஆசிரியப்பா. பாடப்புத்தகம் இங்கே நிறுத்திவிடும். நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான்காம் அடி குறுகுவது யாப்பின் கட்டாயம், அதில் புலவருக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் குறுகிய அடியில் யாரை நிறுத்துவது என்பது அவர்கள் முடிவு. நிறுத்தியது வேந்தர்களை. 'வென்றெறி முரசின் வேந்தர்எம்' என்று அடி சட்டென்று நிற்கிறது. 'எம்' என்று சொல்லி வாயெடுக்கும்போதே அடி தீர்ந்துபோகிறது. 'குன்றும்' என்பது அடுத்த அடிக்குப் போய்விட்டது. 'எங்கள்' என்ற சொல்லுக்கும் அந்தக் குன்றுக்கும் நடுவே ஓர் இடைவெளி. இழப்பைச் சொல்லும் பாட்டில் இது தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் கேட்கும் காதுக்கு அது வேலை செய்துவிடுகிறது.

எந்தக் கவிதைக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்: இங்கே எது விதி, எது தேர்வு? விதியை மட்டும் எழுதினால் பட்டியல்தான் மிஞ்சும். விதிக்குள் நின்று கவிஞர் செய்த தேர்வைப் பிடித்தால்தான் அலசல்.

சீர் பிரிப்பில் எப்போதும் ஒரே விடை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் அடியை 'எந்தையும் / உடையேம் / எம்குன்றும் / பிறர்கொளார்' என்றும் பிரிக்கலாம், 'எந்தையும் / உடையேம்எம் / குன்றும் / பிறர்கொளார்' என்றும் பிரிக்கலாம். எப்படியும் நான்கு சீர்தான். எதைத் தேர்ந்தீர்கள் என்று எழுத்தில் சொல்லிவிட்டால் போதும்.

ஐந்தாம் படி: தொடை

எழுத்தோ ஓசையோ ஒன்றிவரும்படி சொற்களைத் தொடுப்பது தொடை. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். கூடவே முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'பட்டு', 'பாட்டு' எதுகை ஆகாது. 'கதவை', 'பதறி' ஆகும். மோனைக்கு முதல் எழுத்து. அதே எழுத்தே வர வேண்டும் என்பதில்லை, இனம் போதும். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் ச‑வும் த‑வும், ஞ‑வும் ந‑வும், ம‑வும் வ‑வும் ஒன்றுக்கொன்று மோனை. கடைசி எழுத்தோ சொல்லோ ஒன்றினால் இயைபு. திரைப்பாட்டுகள் அதிகம் நம்புவது இதைத்தான். முரண், அளபெடை, அந்தாதி எல்லாம் அவை வரும் பாட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓர் அடிக்குள் எந்தச் சீர்களில் வருகிறது என்பதற்கும் பெயர்கள் உண்டு. முதல் இரண்டு சீரில் வந்தால் இணை, ஒன்றிலும் மூன்றிலும் பொழிப்பு, ஒன்றிலும் நான்கிலும் ஒரூஉ, முதல் மூன்றில் கூழை, மூன்றாவது தவிர மற்றவற்றில் கீழ்க்கதுவாய், இரண்டாவது தவிர மற்றவற்றில் மேற்கதுவாய், எல்லாவற்றிலும் முற்று. நம் குறளின் முதல் அடி க, தி, க, கா என்று தொடங்குவதால் மேற்கதுவாய் மோனை.

பெயர் வைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி: ஓசையால் கட்டப்பட்ட இந்த இரண்டு சொற்களுக்கும் பொருளில் என்ன உறவு? 112இல் 'அற்றை', 'இற்றை' எதுகை. ஒன்று இழப்புக்கு முன், மற்றது பின். முதல் அடியையும் மூன்றாம் அடியையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். மாறியிருப்பவை இரண்டே எழுத்துகள்: அற்றை இற்றையானது, அவ் இவ்வானது. திங்கள் அதே திங்கள், வெண்ணிலவு அதே வெண்ணிலவு, சீரமைப்பும் அதே தேமா, தேமா, தேமா, புளிமா. உலகத்தில் எதுவும் மாறவில்லை, இவர்களுக்கு எல்லாமே மாறிவிட்டது. இந்த உணர்வைச் சொல்ல ஓர் உவமை கூடத் தேவைப்படவில்லை. எதுகையும் அடி ஒப்புமையும் போதுமானதாக இருந்திருக்கின்றன.

அடுத்தது 'வென்று', 'குன்று'. நான்காம் ஐந்தாம் அடிகளின் எதுகை. வென்றவன் யார், போனது எது என்பதை ஓசை ஒரே முடிச்சில் கட்டிவைக்கிறது. மோனை 'வென்றெறி, வேந்தர்' என்று பகைவர் பக்கமும், 'குன்றும் கொண்டார்' என்று பறிபோன பக்கமும் வருகிறது.

சொல் திரும்ப வருவதையும் இதே படியில் குறித்துக்கொள்ளுங்கள். 'எந்தையும்', 'குன்றும்' இரண்டும் இரு முறை வருகின்றன, ஆனால் வரிசை புரண்டு. முதலில் தந்தை, பிறகு குன்று. கடைசியில் குன்று, பிறகு தந்தை. பாட்டின் கடைசிச் சொல் 'இலமே', அதற்கு முன் நிற்பது 'எந்தையும்'. குன்று போனதோடு முடித்திருந்தால் இது நாடு இழந்தவர்களின் பாட்டாக இருந்திருக்கும்.

ஆறாம் படி: உணர்வு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இதில் மிகவும் பயன்படுவது அந்த எட்டுப் பெயரை விட, ஒவ்வொன்றுக்கும் அது தரும் நான்கு காரணங்கள். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால் வரும். மருட்கை, அதாவது வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால். பெருமிதம் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியவற்றால். 'சோகம்' என்று எழுதியதும் 'எதனால் வந்த சோகம்?' என்று கேட்க இந்தப் பகுப்பு பழக்கிவிடுகிறது. இழந்தவனின் அழுகையும் இழிவுபட்டவனின் அழுகையும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை.

112இல் அழுகை இழவால் வந்தது. பாட்டின் துறை கையறுநிலை, அதாவது இறந்தவரை நினைத்து இரங்கிப் பாடுவது. ஆனால் கண்ணீர், துயர், நெஞ்சு என்ற சொற்களில் ஒன்றையாவது காட்டுங்கள் பார்ப்போம். கிடையாது. ஆக, உணர்வைச் சொல்லும் சொல்லைத் தேடாமல் உணர்வை எழுப்பும் பொருளைத் தேட வேண்டும். இங்கே அது நிலவு.

கவிதைக்குள் பேசுபவரின் தொனியும், படிப்பவர் மனத்தில் எழும் உணர்வும் வேறாக இருக்கலாம். இங்கே பேசும் குரல் நிதானமாக இருக்கிறது: அன்று இது இருந்தது, இன்று இது இல்லை. கலங்குவது நாம். இன்னொரு இழையும் ஓடுகிறது. தந்தைக்கு அடைமொழி இல்லை, குன்றுக்கு இல்லை. வேந்தருக்கு மட்டும் 'வென்றெறி முரசின்' என்று ஒரு நீண்ட அடைமொழி. ஒருவனை மூவர் சேர்ந்து வளைத்த போரில் அந்தப் புகழ்ச்சி உண்மையிலேயே புகழ்ச்சியா? எனக்கு அது ஏளனமாகத்தான் கேட்கிறது. அழுகைக்கு அடியில் கொஞ்சம் வெகுளி. ஒரு கவிதைக்கு ஒரே மெய்ப்பாடு என்று முடிவு கட்டாமல் இப்படி இரண்டாவதையும் தேடுங்கள். நல்ல கவிதைகளில் பெரும்பாலும் அகப்படும்.

ஓசையை உணர்வோடு இணைக்கும்போது ஒரு எச்சரிக்கை. வல்லினம் என்றால் கோபம், மெல்லினம் என்றால் மென்மை என்ற சமன்பாடு ஆபத்தானது. இந்த இரங்கல் பாட்டே 'அற்றை' என்று வல்லின ஒற்றோடுதான் தொடங்குகிறது. தொல்காப்பியம் வல்லிசை, மெல்லிசை, நெடுஞ்சீர், குறுஞ்சீர் என 20 வண்ணங்களைப் பேசும். அவை ஓசையின் நிறத்தைக் குறிக்கின்றன, உணர்ச்சியின் பெயரை அல்ல. ஒரு ஓசை எவ்வளவு இருக்கிறது என்பதை விட, அது எங்கே மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். 112இல் நெட்டெழுத்துகளை எண்ணுங்கள் (குறுகிய ஐகாரத்தை விட்டுவிட்டு). முதல் அடியில் ஒன்றும் இல்லை, மூன்றாம் அடியிலும் இல்லை. இரண்டாவதில் இரண்டு, நான்காவதில் ஒன்று. கடைசி அடியில் மூன்று: 'கொண்டார்', 'யாம்', 'இலமே'. அடக்கிப் பேசிய குரல் கடைசியில் நீள்கிறது. இது எண்ணிக் காட்டக்கூடிய ஆதாரம்.

புதுக்கவிதைக்கு என்ன செய்வது?

யாப்பு இல்லாததால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது என்று விட்டுவிட வேண்டாம். சீருக்குப் பதிலாக வரி உடையும் இடம் வருகிறது. வரியின் கடைசிச் சொல்லையும் அடுத்த வரியின் முதல் சொல்லையும் மட்டும் தனியே எழுதிப் பாருங்கள்; கவிஞர் எங்கே காக்க வைக்கிறார் என்பது தெரியும். வரிகளை உரைநடைபோல ஒரே பத்தியாகச் சேர்த்து எழுதிப் படியுங்கள். ஒன்றும் இழக்கவில்லை என்றால் அந்த வரி முறிவுகளுக்கு வேலை இல்லை, அதையும் தயங்காமல் எழுதலாம். அசை பிரித்தும் பார்க்கலாம். மரபு பழகிய கையிலிருந்து வந்த புதுக்கவிதையில், அழுத்தமான இடத்தில் மட்டும் இரண்டு மூன்று சீர்கள் வெண்டளையில் விழுந்துவிடுவது உண்டு.

கடைசிப் படி: எழுதுவது

இதுவரை சேர்த்த குறிப்புகளில் பாதிக்கு மேல் எழுத்துக்குள் வரக்கூடாது. முதலில் உணர்வைப் பற்றி ஓர் உறுதியான வாக்கியம், பிறகு அதற்கு யாப்பிலிருந்தும் தொடையிலிருந்தும் ஒவ்வொரு சான்று, அப்புறம் அந்த வாக்கியத்துக்குள் அடங்காத ஏதாவது ஒன்று இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வது. முதல் படியில் எழுதிவைத்த அந்த ஒற்றை வரியை இப்போது எடுத்து ஒத்துப் பாருங்கள், தேவையானால் அடித்துத் திருத்துங்கள். நம் குறளுக்கு இப்படி ஒரு பத்தி வரலாம்:

'இந்தக் குறளில் பேசுபவர் அஞ்சியதாகச் சொல்லவில்லை. அச்சம் விளக்கின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. கதவைத் திறந்த செயலையும் விளக்கின் பதற்றத்தையும் "கதவை, பதறி" என்ற எதுகை காரணமும் விளைவுமாகப் பிணைக்கிறது. குறளிலேயே மூவசையில் நீளும் ஒரே சீர் "களைத்துவந்த" என்பது; காற்று வரும்வரை ஓசை இழுபடுகிறது. முதல் அடியில் நிறைந்திருந்த மோனை இரண்டாம் அடியில் அறவே நின்றுவிடுகிறது. ஆனால் களைத்து வந்த காற்று யாரையும் பயமுறுத்தும் காற்றாகத் தெரியவில்லை. எனவே அச்சத்தோடு ஓர் இரக்கமும் கலந்தே ஒலிக்கிறது.'

இந்தப் பத்தியில் புளிமாவும் இல்லை, இயற்சீர் வெண்டளையும் இல்லை, மேற்கதுவாய் என்ற பெயரும் இல்லை. அவற்றைக் கண்டுபிடித்ததால்தான் இந்த வாக்கியங்களை எழுத முடிந்தது. தேர்வில் வகையும் வாய்பாடும் கேட்டிருந்தால் அவற்றைத் தனியாக இரண்டு வரியில் கொடுத்துவிட்டு, மீதி இடத்தை இப்படி ஒரு பத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.